வெள்ளை அங்கி கேட்ட ஓட்டு

175 ஆண்டுகளாக எந்த ஜனாதிபதி வேட்பாளரையும் ஆதரிக்காத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ 2020இல் பைடனை ஆதரித்தது. கொரோனாவை டிரம்ப் கையாண்ட விதமே முக்கியக் காரணம். ‘நேச்சர்’ இதழும் அவ்விதமே. சரி, ஓட்டு நகர்ந்ததா?

‘நேச்சர்’ இதழின் ஆதரவுச் செய்தியை 2021இல் அமெரிக்கர்கள் சிலரிடம் காட்டி ஓர் ஆய்வு நடந்தது. வேட்பாளர்கள் குறித்த கருத்து ஏறக்குறைய அசையவேயில்லை. டிரம்ப் ஆதரவாளர்களிடம் அந்த இதழின் மீதிருந்த நம்பிக்கைதான் சரிந்தது. கொரோனா பற்றி அது சொல்வதைப் படிக்கிற விருப்பமும் குறைந்தது.

‘அப்ப விஞ்ஞானிங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?’ என்று கேட்கலாம். அதுவல்ல. யார் வீட்டிலிருக்கலாம், யார் இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போயே தீர வேண்டும் என்பதெல்லாம் அரசியல் முடிவுகள். அங்கே நடுநிலை ஏது? ஆனால் இதழ்கள் அந்தத் தொழிலாளியோடு பேசவில்லை. நடுநிலை என்கிற தம் பழைய மூலதனத்தை எடுத்துச் செலவழித்தன. (அம்மூலதனம் எப்படிச் சேர்ந்தது என்பது தனிக் கதை.)

2024 ஆகஸ்டில் ஆதரவு எதிர்த்திசையில் வந்தது. தடுப்பூசிகள் மீது சந்தேகம் கிளப்பிவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் தன் பிரச்சாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்தார். 2025 பிப்ரவரியில் சுகாதார மந்திரியானார். மருந்துக் கம்பெனிகள் மீதும் ஆலை உணவின் மீதும் ஜனங்களுக்கிருந்த கோபத்தை, இடதுசாரிகள் பேசியிருக்க வேண்டிய கோபத்தை, அவர் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.