ஏட்டில் இல்லாத பதக்கங்கள்: அமெரிக்கப் படைவீரரின் சேவைப் பதிவுகளும் அவற்றின் திருத்தமும்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டும் வழக்கத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொட்டு நாம் அறிவோம். அக்கல்லை நாட்டியவர்கள் வீரனை நேரில் அறிந்த ஊரவர். அவன் செய்தது யாது என்பதற்கு அவர்களே சாட்சி; வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. இலட்சக்கணக்கானோரைத் திரட்டிக் கடல் கடந்து அனுப்பும் நவீன இராணுவத்திலோ ஊரவரின் இடத்தைக் கடதாசி பிடித்துக்கொண்டது. அங்கே செயல் நிகழ்ந்ததா என்ற வினா, செயல் எழுதப்பட்டதா என்ற வினாவாக மாறிவிடுகின்றது. எழுதப்படாதது நிகழாததாகவே கொள்ளப்படுகின்றது.

இம்மாற்றத்தின் விளைவுகளை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படைவீரர் சேவைப் பதிவுகளை முன்வைத்து இக்கட்டுரையில் நோக்குவோம். பெற்ற பதக்கங்கள் பதிவில் ஏன் விடுபடுகின்றன, விடுபட்டவற்றைச் சேர்ப்பதற்கு உள்ள வழி யாது, யாருடைய பதக்கங்கள் அதிகம் விடுபட்டன என்னும் மூன்று வினாக்களே எமது கவனத்துக்குரியவை. மூன்றாவது வினாவே சமூக ஆய்வாளருக்கு முதன்மையானது எனினும், முதல் இரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் அதனை அணுகமுடியாது.

விலகற் படிவமும் அதன் இடைவெளிகளும்

அமெரிக்கப் படைகளிலிருந்து விலகும் ஒருவருக்கு 1950 முதல் வழங்கப்பட்டுவரும் ஆவணம் டி.டி. 214 ஆம் இலக்கப் படிவமாகும். சேவைக்காலம், பதவிநிலை, பெற்ற பயிற்சி, விலகலின் தன்மை, பதக்கங்கள் ஆகிய யாவும் அதில் அடங்கும். முன்னாட் படைவீரருக்குரிய மருத்துவ உதவி, வேலைவாய்ப்பில் முன்னுரிமை, தேசிய மயானத்தில் அடக்கம் ஆகியவற்றைக் கோரும்போதெல்லாம் இப்படிவமோ அதற்கு ஈடான ஆவணமோ முன்வைக்கப்படவேண்டும். ஆகவே அப்படிவத்தின் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பது அற்ப விடயமன்று.

அக்கட்டத்தை நிரப்புபவர் படையணியின் எழுதுவினைஞர். விலகுபவர் வீடு செல்லும் அவசரத்தில் இருப்பார். எழுதுவினைஞரின் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். பதக்கம் வழங்கும் கட்டளை வேறொரு தலைமையகத்தில் இருக்கலாம். விலகிய பின்னரே வந்து சேரவும்கூடும். களத்திலேயே கட்டுப்போட்டு மீண்டும் முன்னணிக்கு அனுப்பப்பட்டவனின் காயம் எந்த மருத்துவமனைப் பதிவிலும் ஏறாமல் போகலாம். எதிரியின் செயலாற் காயமுற்றோருக்குரிய ஊதா இதயப் பதக்கத்துக்குக் காயம் மட்டும் போதாது. அதற்குச் சிகிச்சை பெற்றமை ஆவணத்தில் இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை.

சட்டம் பின்னர் மாறுவதாலும் இடைவெளி தோன்றுவதுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் காலாட்படையினரே கடுந்துன்பத்தை அதிகம் தாங்கினர் என்னும் கருத்தின் அடிப்படையில், 1947 இல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 1941 டிசெம்பர் 7 முதல் 1945 செப்டெம்பர் 2 வரையான காலத்தில் ஆற்றிய பணிக்காகக் காலாட்படைப் போர்ச்சின்னம் அல்லது போர்க்கள மருத்துவச்சின்னம் பெற்றோர் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவராயினர். ஆனால் 1947 அளவில் அவர்களிற் பெரும்பாலோர் விலகற் கடதாசியுடன் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பிவிட்டனர். பதக்கம் தானாக வீடு தேடி வரவில்லை, விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தமக்கு அவ்வுரிமை உண்டென்பதை அறியாமலே முதுமை எய்தியவர் பலர். தந்தையின் மறைவின் பின் பெட்டியைத் திறந்து பார்த்த பிள்ளைகளே சில குடும்பங்களில் அதனைக் கண்டறிந்தனர்.

1973 இன் தீ

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பேரழிவும் நேர்ந்தது. 1973 ஜூலை 12 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரை அடுத்திருந்த தேசிய ஆளணிப் பதிவு நிலையத்தின் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. அம்மாடியில் தானாக நீர் தெளித்துத் தீயணைக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கவில்லை. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 இன் தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 வீதமானவை இல்லாதொழிந்தன. 1947 செப்டெம்பர் முதல் 1964 இன் தொடக்கம் வரை விமானப்படையிலிருந்து விலகியோரில், ஆங்கில அகரவரிசைப்படி ஹபர்ட் என்ற பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் ஏறத்தாழ 75 வீதம் அழிந்தது. ஒருவர் போர்புரிந்தமைக்கான சான்று எஞ்சுவதும் எஞ்சாததும் அவர் பெயரின் முதலெழுத்தைப் பொறுத்ததாயிற்று. அழிந்த கோப்புகளுக்கு மாற்றுப் பிரதி இல்லை, நுண்படச்சுருள் இல்லை, எவை அழிந்தன எனக் காட்டும் முழுமையான அட்டவணையும் இல்லை.

எனினும் அழிவு முற்றானதன்று. ஏறத்தாழ 65 இலட்சம் கோப்புகள் நனைந்தும் கருகியும் மீட்கப்பட்டன. அழிந்தவற்றை ஈடுசெய்ய வேறு ஏடுகள் துணைபுரிகின்றன. ஒவ்வொரு கம்பனியும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில் யார் வந்தார், யார் காயமுற்றார், யார் மருத்துவமனை சென்றார் என்ற விபரங்கள் உள்ளன. இறுதிச் சம்பளச் சீட்டுகள், படையணிகளின் பொதுக்கட்டளைகள் ஆகியனவும் உண்டு. 1988 இல் மருத்துவமனை அனுமதிப் பதிவுகள் அடங்கிய கணினி நாடாக்களும் இந்நிலையத்துக்குக் கிடைத்தன. எவரும் வரலாற்றுக்கென எழுதாத சம்பளச் சீட்டும் வரவுப் பதிவும் இறுதியில் வரலாற்றின் சாட்சிகளாயின என்பது வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்கது.

திருத்தத்தின் வழி

விடுபட்ட பதக்கங்களை இருவகையாகப் பகுத்து நோக்குதல் அவசியம். வழங்கப்பட்டும் எழுதப்படாதவை ஒரு வகை. வழங்கப்படவேண்டியிருந்தும் வழங்கப்படாதவை மறுவகை.

முதல்வகைக்கு வழி ஓரளவு எளிது. விண்ணப்பதாரர் கட்டளையின் பிரதியையோ அதற்கு ஈடான சான்றையோ காட்டுவாராயின், டி.டி. 215 என்னும் திருத்தப் படிவம் வழங்கப்படும். பழைய படிவம் அழிக்கப்படுவதில்லை. திருத்தம் அதனோடு இணைக்கப்படுகின்றது. நிர்வாக மட்டத்தில் தீர்வு கிடைக்காவிடின் இராணுவப் பதிவுத் திருத்தச் சபையை நாடலாம். 1946 க்கு முன்னர் இத்தகைய குறையைத் தீர்க்கக் காங்கிரசில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சட்டமூலம் கொண்டுவர வேண்டியிருந்தது. உறுப்பினர் ஒருவரின் செவியை எட்டக்கூடியவருக்கே அது இயன்றது. அவ்வாண்டின் சட்டம் அவ்வழியை அடைத்து, குடிசார் உத்தியோகத்தர் அடங்கிய சபைகளுக்கு அப்பொறுப்பை வழங்கியது. தவறைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் இச்சபைகளுக்கு அதிகாரம் உண்டு. தவறைக் கண்டறிந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அக்கால எல்லையைத் தளர்த்தலாம் என்பதும் விதியே. வீரர் இறந்திருப்பின் உறவினர் விண்ணப்பிக்கலாம்.

நிரூபிக்கும் பொறுப்போ விண்ணப்பதாரருடையது. அரசின் பதிவு சரியானதே என்ற அனுமானத்துடன்தான் சபை விசாரணையைத் தொடங்குகின்றது. இதனை முற்றாகக் கண்டிப்பதும் பொருந்தாது. பெறாத பதக்கத்தை அணிந்து பெருமை தேடுவோர் எக்காலத்திலும் உளர். சான்று கேளாது வழங்கப்படும் பதக்கம், உண்மையிற் பெற்றவனின் பதக்கத்தையும் மதிப்பிழக்கச் செய்யும். ஆனால் அரசின் பாதுகாப்பிலிருந்த ஏடு தீயில் அழிந்த பின்னரும் அதன் உள்ளடக்கத்தை நிரூபிக்கும் சுமை முதியவர் ஒருவரின் தோளிலேயே விழுவதை நியாயம் எனக் கூறமுடியாது.

எவரை எழுதவில்லை?

இரண்டாம் வகையே எமது மூன்றாவது வினாவுக்கு இட்டுச் செல்கின்றது. பதக்கத்துக்கு ஒருவரை விதந்துரைப்பவர் பெரும்பாலும் அவருடைய அதிகாரி. அதிகாரி இறந்தாலோ கண்ணை மூடிக்கொண்டாலோ செயல் ஏட்டில் ஏறாது. கறுப்பினத்தவர் தனிப் படையணிகளில் ஒதுக்கப்பட்டு, பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளின் கீழ் பணியாற்றிய இராணுவத்தில் இதன் பொருள் வெளிப்படை.

ஹென்றி ஜோன்சன் நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரப் புகையிரத நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளியாக இருந்தவர். 369 ஆவது காலாட்படையணியில் சேர்ந்தார். அவ்வணி பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் போரிட அனுப்பப்பட்டது. 1918 மே மாத நடுவில், ஆர்கொன் காட்டுப் பகுதியில் இரவுக் காவலில் இருந்த அவரும் தோழர் நீதம் றொபர்ட்சும் ஜேர்மானியப் படைக்குழு ஒன்றை எதிர்கொண்டனர். துப்பாக்கி பயனற்றுப்போக, கத்தியால் போரிட்டுத் தோழரை மீட்டார் ஜோன்சன். அவர் உடலில் 21 காயங்கள். பிரான்சு தனது போர்ச்சிலுவையை இருவருக்கும் அணிவித்தது. சொந்த நாட்டின் விலகற் பத்திரத்திலோ அக்காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காயம் எழுதப்படாமையால் அதற்குரிய உரிமையும் கிட்டவில்லை. 1929 இல் அவர் வறுமையில் இறந்தார்.

அதன் பின்னரே ஏடு மெல்லத் திருந்தியது. 1996 இல் ஊதா இதயம். 2002 இல் சிறப்புச் சேவைச் சிலுவை. அச்சமர் நிகழ்ந்த சில நாட்களில் தளபதி பேர்ஷிங் அனுப்பிய செய்தி ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டு விண்ணப்பத்துக்கு வலுச்சேர்த்தது. 2014 இல் காங்கிரஸ் கால எல்லையை நீக்கிச் சட்டம் இயற்ற, 2015 ஜூன் 2 ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா மிகவுயர்ந்த கௌரவப் பதக்கத்தை வழங்கினார். அதனை வாங்க உறவினர் எவரும் இருக்கவில்லை. மாநிலக் காவற்படையின் மூத்த சார்ஜன்ட் ஒருவரே பெற்றுக்கொண்டார்.

இது தனியொருவரின் கதையன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றியும் யுத்தம் முடிந்தபோது அவர்களில் ஒருவருக்கேனும் கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டிருக்கவில்லை. 1993 இல் இராணுவம் ஷா பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. அதன் பயனாக 1997 ஜனவரி 13 இல் ஏழு பேருக்கு அப்பதக்கம் வழங்கப்பட்டது. அன்று உயிருடன் இருந்தவர் வேர்னன் பேக்கர் ஒருவரே.

எழுதியதை அழித்தலும் உண்டு. உள்நாட்டு யுத்தத்தில் மருத்துவராகப் பணியாற்றிச் சிறைப்பட்டும் மீண்ட மேரி வோக்கருக்கு 1865 இல் கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டது. 1917 இல் 911 பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது அவருடையதும் நீங்கியது. அவர் ஒப்பந்த மருத்துவர், முறையாக நியமனம் பெற்ற அதிகாரியல்லர் என்பதே காரணம். அவர் செயலை எவரும் மறுக்கவில்லை. ஆயின் பெண்ணுக்கு அன்றைய இராணுவம் அதிகாரி நியமனம் வழங்கியிருக்கவேயில்லை. வழங்க மறுத்ததையே தகுதியின்மைக்குச் சான்றாக்கியது ஏடு. 1919 இல் இறக்கும்வரை அவர் அப்பதக்கத்தை அணிவதைக் கைவிடவில்லை. மேற்கூறிய திருத்தச் சபையின் பரிந்துரைப்படியே 1977 இல் அது மீளளிக்கப்பட்டது. இன்றுவரை அப்பதக்கம் பெற்ற ஒரே பெண் அவரே.

முடிவாக

பதக்கம் யுத்தத்தை நியாயப்படுத்தமாட்டாது. எந்த யுத்தத்தையும் போற்றுவது எமது நோக்கமுமன்று. ஆனால் யுத்தத்தை நடத்தியவர்களின் பெயர்கள் ஏட்டில் விடுபடுவதில்லை என்பதையும், அதில் இரத்தம் சிந்திய சுமைகூலியின் காயமே விடுபடுகின்றது என்பதையும் நாம் காண்கிறோம். ஏட்டின் மௌனம் தற்செயலாகத் தோன்றலாம். பலரின் மௌனங்களை ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது அதில் அச்சமூகத்தின் அமைப்பே தெரிகின்றது.

மறுபுறம் இன்னொன்றும் கூறவேண்டும். ஜோன்சன் அல்பனியில் ஏழைகளின் புதைகுழியொன்றில் கிடக்கிறார் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னாளில் பதிவுகளை ஆராய்ந்தபோது அவர் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டமை தெரியவந்தது. அவரை மறைத்ததும் கடதாசிதான், காட்டித்தந்ததும் கடதாசிதான். ஆகவே ஏட்டை நம்பாதிருப்பதன்று ஆய்வாளர் கடமை. ஏட்டை வாசிப்பதும், அதை எழுதியவர் யார், எழுதப்படாதவர் யார் என்று கேட்பதும், விடுபட்ட வரியைச் சான்றோடு சேர்ப்பதுமே கடமை. அவ்வரி பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வருகின்றது. உரியவர் கண் மூடுமுன் அது வரவேண்டும் என்பதே கோரிக்கை.