பாட்டி முகம் மட்டும் இருட்டா? இருக்கவே இருக்கு 'மாஸ்க்'!

புதுக்கோட்டை பக்கம் திருவரங்குளம் சிவன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். வாசலில் பாட்டியை நிற்கவைத்து ஒரு கிளிக். வானம் பளீர், பாட்டி முகமோ இருட்டு. மொத்தப் படத்துக்கும் வெளிச்சம் கூட்டினால் முகம் தெரியும். ஆனால், பின்னால் இருக்கும் வானமும் கோபுரமும் வெளுத்துப்போகும்.

இங்கேதான் 'மாஸ்க்' கைகொடுக்கிறது. மற்ற இடங்களைத் தொடாமல், வேண்டிய பகுதியை மட்டும் திருத்தும் வசதி இது. ஃபிலிம் காலத்தில் இருட்டறையில் கையாலும் அட்டையாலும் ஒளியை மறைத்துச் செய்த அதே வேலைதான்!

இலவச 'ஸ்நாப்சீட்' செயலியில் 'செலக்டிவ்' டூலைத் திறந்து, முகத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரல்களால் பரப்பைச் சுருக்கி, முகத்தோடு நிறுத்துங்கள். பிறகு விரலை வலப்பக்கம் இழுத்தால் அங்கே மட்டும் வெளிச்சம் கூடும். 'லைட்ரூம்' செயலியோ, வானம் எது, ஆள் எது என்று தானே பிரித்துத் தரும்.

இரண்டு விஷயங்களில் கவனம். முழுக்க வெள்ளையாகிவிட்ட வானத்தை எந்த மாஸ்க்காலும் மீட்க முடியாது. எடுக்கும்போதே திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். முகத்தின் இருட்டைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது, நிழலை நீக்குங்கள், நிறத்தை மாற்றாதீர்கள். பேரப்பிள்ளைகள் நாளைக்கு அந்தப் படத்தில் தேடப்போவது, தங்களைத் தூக்கி வளர்த்த அதே மாநிற முகத்தைத்தான்!