டார்வின் வீட்டுப் பிள்ளைகள் – 6: சர்க்கரைக்கு டோடி வைத்த பெயர்

லண்டன் அப்பர் கோவர் தெருவின் 12ஆம் எண் வீடு, பளிச்சென்ற அறைகலன்களால் அதற்கு வாய்த்த ‘பஞ்சவர்ணக்கிளிக் குடில்’ என்ற பட்டப்பெயர், 1839 டிசம்பர் 27 அன்று அங்கே பிறந்த தலைப்பிள்ளை வில்லியம் என்கிற டோடி. போன வாரம் இவ்வளவுதான். இந்த வாரம் 1841 கோடையில் டோடி ஷ்ரூஸ்பரித் தாத்தா வீட்டுக்குப் போன கதை என்று அறிவித்திருந்தோம். மூட்டை கட்டியாயிற்று. ஆனால் வாசற்படியில் ஒரு சொல் வழிமறிக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்தச் சொல் ‘மம்’.

டோடிக்குச் சரியாக ஒரு வயது நிறைந்தபோது சாப்பாட்டுக்கு அவனாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. அதுவரை பசித்தால் அழுவான். அன்றிலிருந்து அழுகைக்குப் பதில் ‘மம்’. பெயர்ச்சொல்லும் அதுதான், ‘சாப்பாடு கொடு’ என்ற வினையும் அதுதான். சார்லஸ் டார்வின் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 37 ஆண்டுகள் கழித்து, 1877 ஜூலையில், ‘மைண்ட்’ என்ற ஆய்விதழில் ஒரு குழந்தையின் வாழ்க்கைச் சித்திரமாக அந்தக் குறிப்புகள் வெளிவந்தபோது டோடி சவுத்தாம்ப்டனில் வங்கி நடத்தும் பெரிய மனிதர். அப்பாவோ பழைய குறிப்பேட்டைப் புரட்டி, அந்த ‘மம்’ எதிலிருந்து வந்தது என்பதைத் தம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார்.

அந்தக் குறிப்பேடு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த ஒற்றைச் சொல்லின் எடை புரியும். டோடி பிறப்பதற்கு முன்பே டார்வின் குழந்தைகளைப் பற்றிய கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். கண்முன் எதையாவது கொண்டுபோனால், பட்டறிவு வருவதற்கு முன்பே குழந்தை இமை கொட்டுமா? முகச்சுளிப்பை முதன்முதலில் பார்க்கும்போதே அதன் பொருள் அதற்குப் புரியுமா? கேள்விகள் காத்திருந்தன, பதில் தொட்டிலில் வந்து சேர்ந்தது. ஏழாம் நாள் பிள்ளையின் உள்ளங்காலைக் காகிதத் துண்டால் தொட்டுப் பார்த்தார். கால் வெடுக்கென்று உள்ளே போனது, விரல்கள் சுருண்டன. 9ஆம் நாளிலேயே மெழுகுவத்திச் சுடரில் கண் நிலைத்தது. அதன்பின் 49ஆம் நாள் ஒரு வண்ணக் குஞ்சம்தான் பார்வையைப் பிடித்து நிறுத்தியது. 66ஆம் நாள் டார்வின் எதேச்சையாகத் தும்மினார். பிள்ளை தூக்கிவாரிப்போட்டு, முகம் சுளித்து, வீறிட்டு அழுதான். அதன்பிறகு ஒரு மணி நேரம் சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டான். 77ஆம் நாள் பால்புட்டியை வலக்கையால் பிடித்தான். தாதி எந்தப் பக்கம் தூக்கி வைத்திருந்தாலும் வலக்கைதான். இடக்கையால் பிடிக்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று. பின்னாளில் அதே பிள்ளை இடக்கைப் பழக்கமுள்ளவனானான். தாயும் தாத்தாவும் ஒரு தம்பியும் அப்படியே என்று அப்பா அதையும் சேர்த்தெழுதினார்.

இவ்வளவு எழுதியவர் கல்நெஞ்சோடு அருகில் நின்று எழுதினார் என்று எண்ணிவிடக் கூடாது. அழும் குழந்தையின் முகத்தில் எந்தத் தசை எப்படி இழுபடுகிறது என்பது டார்வினுக்கு உயிரான கேள்வி. ஆனால் அழுகை தொடங்கிய உடனே அவர் மனம் இளகிவிடும், கவனிப்பு கெட்டுவிடும். இதைச் சொன்னவர் டோடியின் தம்பி பிரான்சிஸ். அப்படியிருந்தும் 1872இல் வந்த ‘உணர்ச்சிகளின் வெளிப்பாடு’ நூலில் கண்ணீருக்குக்கூட நாள் கணக்கு இருக்கிறது. தம் குழந்தை ஒன்றின் திறந்த கண்ணில் 77ஆம் நாள் அவருடைய கோட்டுக் கை தற்செயலாக உரசியது. அந்த ஒரு கண் நீர்விட்டது; குழந்தை எவ்வளவு கத்தியும் மற்றக் கண் ஏறக்குறைய உலர்ந்தே கிடந்தது. கன்னத்தில் வழிந்தோடும் கண்ணீர் முதன்முதலில் வந்தது 139ஆம் நாள். எந்தத் தாய்க்கும் தெரிந்திருக்கக்கூடிய, ஆனால் எவரும் எழுதி வைக்காத செய்தி இது. டோடியின் அம்மா எம்மாவும் வெறும் பார்வையாளராக இல்லை. பிற்பட்ட ஆண்டுகளில் அதே குறிப்பேட்டில் அவருடைய கையெழுத்தும் வருகிறது.

இனி ‘மம்’.

ஒரு சொல்லோடு டோடி நிற்கவில்லை. அதை வைத்துச் சொற்களைக் கட்டத் தொடங்கினான். சர்க்கரைக்கு அவன் வைத்த பெயர் ‘ஷு-மம்’. பெரியவர்கள் சொல்லும் ‘ஷுகர்’ என்பதில் தன் நாக்குக்கு வசப்பட்ட முதல் அசையை மட்டும் எடுத்து, தன் சொந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டான். சிறிது காலம் கழித்து ‘பிளாக்’ என்ற சொல் அவனுக்குப் பிடிபட்டது. உடனே அதிமதுர மிட்டாய் ‘பிளாக்-ஷு-மம்’ ஆயிற்று. கறுப்பு, சர்க்கரை, சாப்பாடு. மூன்று துண்டுகளைச் சரியான வரிசையில் கோத்து, இல்லாத ஒரு பெயரை உண்டாக்கியவனுக்கு வாயில் முழு வாக்கியம் ஒன்றுகூட இன்னும் வந்திருக்காது. சொற்புணர்ச்சியைப் பற்றி எத்தனை பாடநூல் படித்தாலும் அதிமதுரத்துக்குக் கிடைத்த இந்தப் பெயர் தரும் வியப்பு வராது.

இந்தக் குறிப்புகள் வெளிச்சத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பிரெஞ்சுக்காரர். இப்போலித் தேன் என்ற அறிஞர் தம் மகள் பேசக் கற்றுக்கொண்ட விதத்தை எழுதியிருந்தார். அதன் மொழிபெயர்ப்பு ‘மைண்ட்’ இதழில் வந்ததைப் படித்த பிறகுதான் டார்வினுக்குத் தம் குறிப்பேட்டின் நினைவு வந்தது. தேன் வீட்டுக் குழந்தை 14ஆம் மாதத்தில் சாப்பாட்டுக்கு வைத்த சொல் ‘ஹம்’. அது எதையோ கவ்வி விழுங்கும்போது வாய் செய்யும் ஓசை என்று தகப்பனார் விளக்கினார். முதலில் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது, பிறகு உதடு மூடிக்கொள்கிறது. சோற்றுருண்டையோடு கையை நீட்டி ‘ஆ... அம்’ என்று தானும் வாயைத் திறந்து மூடிக் காட்டும் நம் பாட்டிமார்களுக்கு இந்த விளக்கம் தேவையே இல்லை. டோடியின் ‘மம்’மைக் கேட்டிருந்தால் தமிழ் வீடு எதுவும் திகைத்திருக்காது. இங்கே ஒரு வயதுப் பிள்ளைக்குச் சோறு ‘மம்மம்’தானே.

டார்வினுக்குப் பிடிபடாமல் போன காரணத்துக்கு ஒரு விடை 1960 வாக்கில் வந்தது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் ‘ஏன் மாமா, ஏன் பாப்பா’ என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கையில் இருந்தது ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற மானிடவியலாளர் உலகின் பல மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 சொற்கள். எல்லாம் தாயையும் தகப்பனையும் குறிப்பவை. தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடு மூக்கொலி கொண்டவை. தகப்பனைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடுதான். யாக்கப்சன் சொன்ன காரணம் மிக எளிது. பால் குடிக்கும் குழந்தையின் உதடு முலையிலோ புட்டியிலோ பதிந்திருக்கிறது, வாய் நிறைந்திருக்கிறது. அந்த நிலையில் அதனால் எழுப்ப முடிகிற ஒலி மூக்கு வழியாக வரும் மெல்லிய முனகல் ஒன்றே. பின்பு பாலைக் கண்டாலே அந்த முனகல் வருகிறது. அப்புறம் பாலைக் காணாதபோதும், வேண்டும் என்பதற்காக, வருகிறது. கொடுப்பவள் தாய் என்பதால் அவளுக்கும் அதுவே பெயராகிறது. சோறும் தாயும் ஒரே ஒலியிலிருந்து பிரிகிறார்கள்.

விதி என்று இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. தமிழில் அதே ‘மாமா’ தாயோடு பிறந்தவர். ஆனாலும் ‘அம்மா’, ‘மம்மம்’ இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர் யாக்கப்சனின் காரணத்தைத் தம் உதட்டிலேயே உணர்ந்துவிடுவார்.

இவ்வளவும் சொல்லைப் பற்றியது. இந்த வாரம் உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தது சொல் இல்லை, அதன் ராகம். டோடி ‘மம்’ என்று சாப்பாடு கேட்கும்போது முடிவில் மிகத் தெளிவான கேள்வித் தொனி இருந்தது என்று டார்வின் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். ‘மம்?’ என்று குரல் மேலே ஏறியது. தெரிந்தவரைப் பார்த்தாலோ கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலோ ‘ஆ’ என்பான். அதில் பெரியவர்களின் வியப்புத் தொனி அப்படியே இருந்தது. ஒன்றரை வயதைத் தாண்டியதும் முடியாது என்பதற்கு அடம்பிடிக்கும் ஒரு சிணுங்கலும், சம்மதத்துக்கு ‘ஹும்’ என்ற தலையாட்டல் போன்ற ஓர் ஓசையும் வந்தன. சொல் வருவதற்கு முன்பே இசை வந்துவிட்டது. மனிதன் பேசக் கற்பதற்கு முன், கிப்பன் குரங்கைப் போல, ஏறி இறங்கும் சுரங்களில் குரல் எழுப்பியிருக்க வேண்டும் என்பது 1871இல் ‘மனிதனின் வம்சாவளி’யில் டார்வின் வைத்த கருத்து. டோடியின் ‘மம்?’ அதற்குச் சான்றாகும் என்பது 1841இல் தமக்குத் தோன்றவில்லை என்றும், இன்னும் நிறையக் கவனித்திருக்கலாமே என்றும் 1877இல் அவர் வருந்தினார்.

இதை எழுதிய மனிதரின் காது எப்படிப்பட்டது? டார்வினே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார்: அவருக்குச் சுருதி பேதம் தெரியாது, தாளம் நிற்காது, ஒரு மெட்டைச் சரியாக முணுமுணுக்கவும் வராது. கேம்பிரிட்ஜில் படித்த நாளில் கிங்ஸ் கல்லூரிக் கோயிலின் பாட்டு அவரை உருக்கியது. சில சமயம் பாடகர் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துத் தம் அறையில் பாட வைத்தார். ஆனால் நண்பர்கள் பழகிய மெட்டையே வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ வாசித்துக் காட்டினால் என்ன பாட்டு என்று அவரால் சொல்ல முடியாது. தேசிய கீதத்துக்கும் அதே கதி. அவர் மணந்ததோ நல்ல பியானோக் கலைஞரை. மாலைகளில் எம்மா வாசிக்க அவர் சாய்ந்து படுத்துக் கேட்பார். முதுமையில் மண்புழுவுக்குக் காது உண்டா என்று சோதிக்க விசில், பஸ்ஸூன், பியானோ எல்லாவற்றையும் அதன் முன் ஒலிக்கச் செய்த வீடு அது.

ராஜாவைப் போற்றும் பாட்டையே இனங்காண முடியாதவர், பசித்த பிள்ளை ஓரசைச் சொல்லின் கடைசியில் குரலை மேலே இழுத்ததைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, எழுதினார். இசைக் காது இல்லாதவருக்கு அது எப்படிக் கேட்டது என்றால், அவர் கேட்டது மெட்டை அல்ல, டோடியை.

இந்தச் சர்க்கரைப் பிரியத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. இரண்டு வயது ஏழரை மாதமானபோது டோடி சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்தான். கண்ணில் வழக்கமில்லாத பளபளப்பு, நடையில் ஒரு செயற்கை. அப்பா உள்ளே போய்ப் பார்த்தார். செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தும் பொடித்த சர்க்கரையை எடுத்துத் தின்றிருக்கிறான். இன்னொரு நாள் மேலே கட்டியிருந்த துணியைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்தபடி வந்தான். அதில் ஒன்றுமில்லை என்று சொல்லி அப்பாவைப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை. முன்பு ஒருபோதும் தண்டிக்கப்படாத பிள்ளை என்பதால் அந்தப் பளபளப்பு பயத்தினால் வந்ததல்ல, மனச்சாட்சியோடு மோதிய ஒரு மகிழ்ச்சிக் கிளர்ச்சி என்று டார்வின் முடிவு கட்டினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அதே டோடி தன் கையிலிருந்த கடைசி இஞ்சி ரொட்டித் துண்டைத் தங்கை ஆனிக்குக் கொடுத்துவிட்டு, டோடி நல்ல பிள்ளை என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டான். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினாரே தகப்பன், அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம்.

ஆக, ஷ்ரூஸ்பரிப் பயணம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அங்கே டோடிக்காகக் காத்திருந்தவர்கள் அத்தைமார்களும், ஊரறிந்த மருத்துவரான தாத்தா ராபர்ட் டார்வினும். பேரன் காலையில் குடிக்கும் பாலேடு உடம்புக்கு ஆகாது என்று தாத்தா கண்டித்ததெல்லாம் அப்போது வரும். கைக்குழந்தை ஆனியோடு எம்மா தம் பிறந்த வீடான மேயரில் இருந்தார். 1841 ஜூலையில் சார்லஸ் மட்டும் ஷ்ரூஸ்பரிக்கு வந்தார். டோடி அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் இவர்தான் அப்பா என்று விரல் நீட்டிக் காட்டினான். அம்மா எங்கே என்று சார்லஸ் கேட்டார். ஒன்றரை வயதுப் பிள்ளை அம்மாவின் பெயரை இரண்டு முறை சொன்னான். இந்த முறை குரல் மேலே ஏறவில்லை. அவ்வளவு தாழ்ந்து, அவ்வளவு ஏங்கி ஒலித்தது என்றும், தமக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது என்றும் அவர் மேயருக்குக் கடிதம் எழுதினார்.

(தொடரும்)