கடலுக்கடியில் மேளம் கொட்டும் மீன்... அந்தச் சத்தமே ஆபத்தாவது எப்படி?

மீன் கத்துமா? கத்தும். அதுவும் படகின் அடிப்பலகையைத் தாண்டி, மேலே நிற்கும் ஆளுக்குக் கேட்கும் அளவுக்கு!

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் இந்த மீனின் பெயர் கல்ஃப் கொர்வினா. நம்ம ஊர் கத்தாளை இருக்கிறதே, அதே குடும்பம்தான்.

சத்தம் தொண்டையில் இருந்து வருவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் மேளம். நம்ம மீனவர்கள் அதை 'நெட்டி' என்பார்கள். ஆண் மீன் அதை ஒட்டிய தசைகளைப் படுவேகமாகச் சுருக்கி விரிக்க, பை அதிர்ந்து 'டக டக டக' என்று ஒலிக்கும். எல்லாம் பெண் மீன்களை அழைக்கத்தான்.

ஒரு மீன் கத்தினால் பரவாயில்லை. பிப்ரவரி முதல் ஜூன் வரை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கொலராடோ ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் சுமார் 15 லட்சம் மீன்கள் வரை முட்டையிடக் கூடுகின்றன. பிராட் எரிஸ்மன், டிமோதி ரோவல் என்ற விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கூட்டத்தின் சத்தம் நீருக்குள் 200 டெசிபலைத் தாண்டியது. (நீரில் அளக்கும் டெசிபலும் காற்றில் அளக்கும் டெசிபலும் ஒன்றல்ல. ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்!) ஆனாலும் டால்பின், கடல்சிங்கம் போன்றவற்றின் காதைப் பாதிக்க இது போதும்.

அந்த ஆறும் பழைய ஆறு இல்லை. மேலே அமெரிக்காவில் அணைகள் கட்டி நீரை எடுத்துக்கொள்வதால், பெரும்பாலான ஆண்டுகளில் தண்ணீர் கடலை எட்டுவதே இல்லை. மீன் மட்டும் அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதில் ஆபத்து எங்கே? மீனவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்கள். சத்தம் வரும் பக்கம் வலையை விரித்தால், ஒரே படகுக்குச் சில நிமிடங்களில் 2 டன் வரை சிக்கும். அதுவும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். மெக்சிகோவில் மீனுக்கு ஏக கிராக்கி!

இப்படிக் கூட்டமாகச் சேரும் மீனில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கடலில் மொத்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும், மிச்சம் இருப்பவை அதே இடத்தில்தான் கூடும். வலை வழக்கம்போல நிறையும். 'மீன் நிறைய இருக்கே' என்றுதான் தோன்றும். குறைந்தது தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதே வளைகுடாவில், இதே குடும்பத்தைச் சேர்ந்த டொடோவாபா மீனை அளவுக்கு மீறிப் பிடித்ததால், 1975-ல் அதைப் பிடிக்கவே மெக்சிகோ தடை போட வேண்டியதாயிற்று.

கொர்வினாவுக்கு இப்போது ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. அந்த அளவை முடிவு செய்ய, கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? கலங்கிய முகத்துவார நீரில் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. அதனால் விஞ்ஞானிகள் நீருக்குள் மைக்கை இறக்கி, சத்தத்தின் அளவை வைத்தே மீன்களைக் கணக்கிடும் வழியைச் சோதித்து வருகிறார்கள்.