அவசர வாழ்க்கையும் இரைப்பையும்

காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்று இரண்டு இட்டிலிகளை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவோர் நம்மில் பலர். பதினொரு மணிக்கு ஒரு தேநீர். பகலுணவு ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ, வேலை விட்டபோது. மாலையில் மீண்டும் தேநீர், உடன் ஒரு வடை. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி வயிறு நிறையச் சாப்பாடு; உடனே படுக்கை. இப்படி நாள்களைக் கழிப்பவருக்கு ஒரு நாள் மேல்வயிற்றில் எரிச்சல் தோன்றுகிறது. “வேளைக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர்” என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். வீட்டிலுள்ளோரும் அதையே சொல்கின்றனர். மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் அதே பேருந்தின் பின்னால் ஓடுகிறார்.

இந்த முடிவில் ஒரு பகுதி உண்மை. மற்றொரு பகுதி உண்மையன்று. உண்மையல்லாத அந்தப் பகுதியை நம்பியதால் நானே ஒரு முறை மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அந்தக் கதைக்கு வருமுன், இரைப்பை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்றே காண்போம்.

அமிலமும் அதன் அணையும்

உணவில்லாத வேளையில் இரைப்பை சுருங்கிக் கிடக்கும் ஒரு தசைப்பை. உணவு சேரச் சேர அது நெகிழ்ந்து ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அதன் சுவரிலுள்ள சுரப்பிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பைநீரைச் சுரக்கின்றன. இந்நீரில் இருப்பது நம் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சீசாவில் உள்ள அதே ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான் என்பதை 1823-ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிரௌட் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார்.

இதன் கடுமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அமிலத் தன்மையை அளக்கப் பயன்படும் பிஎச் எண் ஒன்று குறைந்தால், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடியதாகப் பொருள். நமது இரத்தத்தின் பிஎச் எண் 7.4. இரைப்பைநீருக்கு அது 1.4 வரைகூட இறங்கும். வேறுபாடு ஆறு, அதாவது இரத்தத்தில் உள்ளதைப்போல் 10 லட்சம் மடங்கு செறிவு. ஹைட்ரஜன் அயனி என்பது ஒரு புரோட்டானே அன்றோ? எனவே இரைப்பைச் சுவரின் சில செல்கள் இரவும் பகலும் புரோட்டான்களை மேட்டுக்கு இறைத்துக்கொண்டிருக்கின்றன எனலாம். வயிற்றெரிச்சலுக்கு மருத்துவர் தரும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் இந்த இறைப்பிகளைத்தான் நிறுத்தி வைக்கின்றன.

இறைச்சியையே கரைத்துவிடும் இந்நீர், தசையாலான இரைப்பையை ஏன் கரைக்கவில்லை? உட்சுவரின் மீது ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த தடிமனுள்ள சளிப்படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதற்குள் பைகார்பனேட்டு ஊறிக்கொண்டே இருப்பதால், உள்நோக்கி வரும் அமிலம் வழியிலேயே நடுநிலை ஆக்கப்படுகிறது. படலத்தின் மேற்புறம் கடும் அமிலம். அடிப்புறம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். போதாததற்கு, சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. வீட்டுச் சுவருக்கு வாரந்தோறும் புதுப் பூச்சு பூசுவது போன்ற ஏற்பாடு இது.

இந்த அணை உறுதியாக இருக்கும்வரை, ஒரு வேளை உணவு தவறியதற்காக இரைப்பை ஓட்டையாகிவிடாது. நாம் ஒவ்வோர் இரவும் பத்து மணி நேரம் வெறும் வயிற்றோடுதான் இருக்கிறோம். ஏகாதசி விரதம் இருப்போரும் ரமலான் நோன்பு நோற்போரும் நெடுநேரம் உண்ணாமல் இருக்கின்றனர். உணவில்லாதபோது சுரப்பும் குறைவே. உணவைக் கண்டாலோ முகர்ந்தாலோதான் அது பெருகும் என்பதை நாய்களில் சோதித்துக் காட்டிய ரஷ்யர் பாவ்லோவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றார். பசி வேளையில் வயிறு இரைவதைக் கேட்டு, ‘அமிலம் அரிக்கிறது’ என்று அஞ்சுவோர் உண்டு. அது வேறு. ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வெறுமையான இரைப்பையிலும் குடலிலும் ஒரு தசை அலை எழுந்து எஞ்சிய துணுக்குகளைக் கூட்டித் தள்ளுகிறது. அந்தத் துடைப்பத்தின் ஓசையே நாம் கேட்பது.

அணையை உடைப்பவை

அப்படியானால் புண் எப்படி வருகிறது? கவலையும் காரமும் அமில மிகுதியுமே காரணம் என்று மருத்துவ நூல்களே பல ஆண்டுகள் எழுதி வந்தன. நோயாளிகளை மணிக்கொரு முறை பால் குடிக்கச் சொன்ன காலமும் உண்டு. பால் சற்று நேரம் இதமாக இருக்கும்; பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பை மேலும் தூண்டிவிடும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில் பணியாற்றிய ராபின் வாரன், இரைப்பையின் அழற்சி கண்ட திசுக்களில் வளைந்த வடிவுடைய பாக்டீரியாக்களை 1979 முதல் நுண்ணோக்கியில் கண்டு வந்தார். அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. இளம் மருத்துவரான பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்து அவற்றை வளர்க்க முயன்றார். பல முறை தோல்வியே. 1982 ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சில நாள்கள் கூடுதலாக அடைகாப்பில் கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! மெல்ல வளரும் இக்கிருமியை அதுவரை அவசரப்பட்டுக் குப்பையில் எறிந்திருக்கின்றனர். அப்போதும் நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984-இல் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தி தொடங்கியது. அவரது இரைப்பையில் அழற்சி தோன்றியது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் குடியேறுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுவது இது. தொற்றிய எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆனால் நெடுநாள் தங்கினால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது ஒரு காரணமாகிறது.

இரண்டாவது பகை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆஸ்பிரின் வலியை எவ்வாறு நீக்குகிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் விளக்கினார். வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகாமல் அது தடுத்துவிடுகிறது. சிக்கல் என்னவெனில், இரைப்பையின் சளிப்படலத்தையும் பைகார்பனேட்டையும் இரத்த ஓட்டத்தையும் பேணுவன இதே குடும்பத்துப் பொருள்கள்தாம். ஆகவே ஆஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினாக் ஆகியவற்றை விழுங்கும்போது தலைவலியோடு அணையும் தளர்கிறது. இது இரத்தத்தின் வழியே நிகழ்வதால், சாப்பிட்டபின் போட்டுக்கொண்டாலும், ஊசியாகவே குத்திக்கொண்டாலும் முற்றிலும் தப்ப முடியாது.

இப்போது என் கதை. விடைத்தாள் திருத்தும் முகாம். பன்னிரண்டு நாள்கள் குனிந்தபடியே வேலை. கழுத்து வலியும் தலைவலியும் சேர்ந்துகொள்ள, மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்த டைக்ளோபினாக்கைக் காலையொன்று மாலையொன்று எனத் தேநீருடன் விழுங்கி வந்தேன். வயிறு எரிந்தது. பகலுணவு தள்ளிப் போவதால் என்று எண்ணி இரண்டு பிஸ்கட்டுகளைக் கூடுதலாகத் தின்றேன். எட்டாம் நாள் மலம் தார்போலக் கறுத்தும் பிசுபிசுத்தும் போயிற்று. முந்தின நாள் சாப்பிட்ட கீரை என்று நினைத்தேன்! இரைப்பையில் கசியும் இரத்தம் அமிலத்தால் கறுத்துவிடும் என்று எந்த வேதியியல் நண்பரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஒன்பதாம் நாள் மாடிப்படி ஏறுகையில் கண் இருண்டு விழுந்தேன். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

வாய்வழியே குழாயை விட்டுப் பார்த்தபோது புண்ணும் தெரிந்தது. சோதனையில் கிருமியும் இருந்தது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று மருத்துவர் சொன்னார். அந்தக் குழாயைப் பற்றி ஒரு சொல். முழு அக எதிரொளிப்பை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தை அனுப்பலாம் என்பதை 1954-இல் ஹாப்கின்சும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் வளையும் உள்நோக்கியை உருவாக்கி, 1957-இல் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இப்போது பிம்பத்தை நுனியிலுள்ள சிறு கேமரா அனுப்புகிறது. வெளிச்சம் பொதுவாக இன்னமும் இழை வழியேதான் போகிறது. பாடம் நடத்தியவன் தொண்டைக்குள்ளேயே பாடம் இறங்கிற்று.

இரண்டு வாரம் இருவகை எதிருயிரிகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் தந்தனர், கிருமி ஒழிந்தது. நாள் குறையாமல் முழுவதும் சாப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை. இன்னொன்றும் அப்போது அறிந்தேன். அமிலம் குறைக்கும் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நெடுநாள் சாப்பிடுவோருக்குக் கிருமி இருந்தாலும் சோதனையில் இல்லையென்று வரக்கூடும். மூச்சுக்காற்றில் செய்யும் சோதனைக்கு முன் அவற்றை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வது இதனாலேயே. கறுப்பு மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் கடை மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. மருத்துவரிடமே போக வேண்டும். இதய நோய்க்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் உண்போர் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது, அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அவசரத்தின் இயந்திரவியல்

இனி, உண்மையான மற்றப் பகுதி. அவசரமும் அகாலமும் இரைப்பையைத் துளைப்பதில்லையே தவிர, வேறு வகையில் வாட்டுகின்றன. இங்கே நடப்பது முழுக்க இயற்பியல்.

ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிறது. செரிமான நீர் பரப்பின் மீதே வேலை செய்வது. பற்கள் செய்யாத நறுக்கு வேலையை, நிமிடத்துக்கு மூன்று அலைகள் வீதம் பிசையும் இரைப்பைதான் செய்தாக வேண்டும். ஏனெனில் அதன் கீழ்வாயில், ஓரிரு மி.மீ. அளவுக்குப் பொடியானவற்றையே குடலுக்குள் விடுகிறது. நின்றபடி விழுங்கிய வடை நெடுநேரம் நெஞ்சில் நிற்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவசர விழுங்கலில் காற்றும் உள்ளே போகிறது. அதற்கு மருந்தென்று சோடா குடிப்பவர் நிலை இன்னும் வேடிக்கை: அடைத்து விற்கும் சோடாவில் அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு கார்பன்-டை-ஆக்சைடு வரை கரைந்திருக்கலாம். கால் லிட்டர் சோடாவில் முக்கால் லிட்டர் வாயு! ஏப்பம் வருவது அந்த வாயு வெளியேறுவதே. பழைய வாயு போனதாக நாம் மகிழ்கிறோம்.

உணவுக்குழலின் அடியில் ஒரு சுருக்குத்தசை உண்டு. இரைப்பையில் உள்ளதைவிட 10 முதல் 30 மி.மீ. பாதரச அளவு மிகுதியான அழுத்தத்தில் அது வாயை மூடி நிற்கிறது. வயிறு புடைக்க உண்டால் அது அடிக்கடி தளரும். இறுக்கிய பெல்ட்டும் பெருத்த தொந்தியும் கீழிருந்து அழுத்தம் தருகின்றன. புகைபிடித்தல், மது, எண்ணெய்ப் பண்டம் ஆகியவை தசையைத் தளர்த்துகின்றன. நிற்கும்போது புவியீர்ப்பு நமக்குத் துணை. படுத்தால் அத்துணை போய்விடுகிறது. சளிப்படலக் காவல் இல்லாத உணவுக்குழலுக்குள் அமிலம் எதுக்களிக்கிறது, நெஞ்செரிச்சல் உண்டாகிறது.

திண்மையான உணவு இரைப்பையை விட்டு அகல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெய் மிகுந்தால் இன்னும் தாமதம். பத்து மணிக்கு உண்டு பத்தரைக்குப் படுப்பவர் நிறைந்த பானையைச் சாய்த்து வைத்தவராகிறார். உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பத்து மணிக்கு வீடு சேருபவருக்கு அது எப்படி முடியும் என்று கேட்கலாம். நான் செய்வது இது: மாலை ஏழு மணிக்கு, இருக்கும் இடத்திலேயே, டிபன் பெட்டியிலுள்ள தயிர்ச்சோற்றையோ சப்பாத்தியையோ உட்கார்ந்து உண்டுவிடுகிறேன். வீட்டில் ஒரு குவளை மோரோ சிறிது பழமோ போதும். என் மனைவிக்குத் தொடக்கத்தில் இது வருத்தந்தான். சேர்ந்து சாப்பிடுவதைக் காலைக்கு மாற்றிக்கொண்டோம். அதற்காக அரை மணி முன்னதாக எழ வேண்டியிருக்கிறது.

படுக்கையில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது. இரைப்பையின் பெரும்பகுதி இடப்புறம் இருப்பதால், அவ்வாறு படுக்கும்போது அதன் மேல்வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கும். தலையணைகளை அடுக்கினால் உடல் வயிற்றருகே மடிந்து அழுத்தமே கூடும். கட்டிலையே சாய்ப்பது மேல். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 செ.மீ. உயரம் கொடுத்தால், 180 செ.மீ. நீளக் கட்டில் ஏறத்தாழ 5 பாகை சாய்கிறது. உறங்குபவருக்கு அது உறைப்பதே இல்லை. அமிலத்துக்கு அது போதும். என் கட்டிலுக்குக் காலுக்கு இரண்டு செங்கற்கள் வைத்திருக்கிறேன். கால்கள் வழுக்காமலிருக்கச் செங்கல்லின் மேல் ஒரு பழைய ரப்பர்த் துண்டைப் போட்டுவிட வேண்டும்.