தொட்டி நிறைந்ததா? மேலே நின்றே பார்ப்போம்

அது ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. காலை ஏழு மணி. எல்லா வீடுகளிலும் குளியல் நடக்கிறது. சமையல் நடக்கிறது. திடீரென்று வாசலில் கறுப்புத் தண்ணீர் பொங்கி வழிகிறது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. நாற்றம் தாங்க முடியவில்லை. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

"வாட்ச்மேன் அண்ணே! மோட்டார் ஏன் ஓடவில்லை?"

"தெரியவில்லை சார். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும். மணியும் அடிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை."

"கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருங்களேன். ஐந்து நிமிட வேலைதானே!"

"நான் இறங்க மாட்டேன் சார். யாரையும் இறங்கவும் விடமாட்டேன். மேலே நின்றே சரி செய்யலாம்."

காவலாளி சொன்னது சரியா? சரிதான். தொட்டிக்குள் இறங்கினால் உயிர் போக ஐந்து நிமிடம் கூட வேண்டாம். மேலே நின்றே பழுது பார்ப்பது எப்படி? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

மிதவை எப்படி வேலை செய்கிறது?

பெரிய கட்டடங்களில் எல்லா வீட்டுக் கழிவுநீரும் தரைக்கு அடியில் உள்ள ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து மோட்டார் அதை வெளியே தள்ளும். தொட்டி நிறைந்தது என்று மோட்டாருக்கு யார் சொல்வது? அதைச் சொல்வதுதான் மிதவை.

மிதவை என்பது ஒரு பிளாஸ்டிக் குடுவை. நீளமான ஒயரில் அது தொங்கும். அதன் உள்ளே ஒரு சிறு குண்டும் ஒரு சுவிட்சும் இருக்கும். தண்ணீர் குறைவாக இருந்தால் மிதவை தலைகீழாகத் தொங்கும். தண்ணீர் ஏறினால் மிதவையும் மேலே எழும்பிச் சாயும். அப்போது உள்ளே உள்ள குண்டு உருண்டு சுவிட்சை அழுத்தும். மோட்டார் ஓடத் தொடங்கும்.

பல தொட்டிகளில் மூன்று மிதவைகள் இருக்கும். கீழே உள்ளது மோட்டாரை நிறுத்தும். நடுவில் உள்ளது மோட்டாரை ஓடவிடும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது ஆபத்து மணியை அடிக்கும்.

சில தொட்டிகளில் மிதவை இருக்காது. அதற்குப் பதிலாக எவர்சில்வர் கம்பிகள் இருக்கும். ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தண்ணீர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும். அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று பெட்டி அறிந்துகொள்ளும். சினிமா படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலும் கழிவுநீர்த் தொட்டி உண்டு. அந்தத் தொட்டியின் சுவரிலும் இப்படிச் சென்சார்கள் பொருத்தியிருப்பார்கள்.

மிதவை ஏன் பொய் சொல்கிறது?

சமையல் எண்ணெய், சோப்பு அழுக்கு, தலைமுடி, துணி, பிளாஸ்டிக் பை. இவை எல்லாம் தொட்டிக்கு வந்து சேர்கின்றன. எண்ணெயும் சோப்பும் சேர்ந்து மெழுகு போல மிதவையில் படியும். மிதவை கனத்துப் போகும். தலைமுடியும் துணியும் ஒயரில் சுற்றிக்கொள்ளும். மிதவை எழும்ப முடியாமல் நிற்கும்.

சில நேரம் மிதவையில் விரிசல் விழும். உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். பிறகு அது மிதக்காது. மூழ்கிவிடும்.

கம்பிச் சென்சாரிலும் இதே கதைதான். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஈர அழுக்கு பாலம் போல ஒட்டிக்கொள்ளும். தொட்டி காலியாக இருக்கும். ஆனால் பெட்டி 'நிறைந்தது' என்று காட்டும். கம்பி முழுவதும் எண்ணெய் மூடிவிட்டால் நேர்மாறாக நடக்கும். தொட்டி நிறைந்திருக்கும். பெட்டியோ 'காலி' என்று காட்டும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் சுவரில் உள்ள மின்பெட்டியைப் பாருங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் செருப்பு வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தொடாதீர்கள்.

மின்சாரம் வருகிறதா? பியூஸ் போயிருக்கிறதா? இவை சரியாக இருந்தால் அடுத்த சோதனை செய்யலாம். பெரும்பாலான பெட்டிகளில் 'ஆட்டோ', 'மேனுவல்' என்று ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதை மேனுவலுக்குத் திருப்புங்கள். மோட்டாரை ஓடவிடுங்கள்.

மோட்டார் ஓடினால் மோட்டாரில் கோளாறு இல்லை. மிதவையில்தான் கோளாறு. மோட்டார் ஓடாவிட்டால் கோளாறு மின்சாரத்தில் அல்லது மோட்டாரில் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மேனுவலில் ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் வற்றியதும் நிறுத்துங்கள். மறந்துவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும்.

மேலே நின்று மிதவையைச் சரி செய்வது எப்படி?

1. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'வேலை நடக்கிறது, சுவிட்சைப் போடாதீர்' என்று எழுதித் தொங்கவிடுங்கள். உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். அந்த எழுத்து ஓர் உயிரைக் காக்கும்.

2. தனியாக வேலை செய்யாதீர்கள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். மூடியைத் திறந்ததும் தள்ளி நில்லுங்கள். தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. குழந்தைகள் வராமல் கயிறு கட்டுங்கள்.

3. மிதவையை அதன் சங்கிலியை அல்லது கயிற்றைப் பிடித்து மேலே இழுங்கள். சிக்கிக்கொண்டால் நீளமான கொக்கியால் விடுவியுங்கள். ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

4. கையுறை போட்டுக்கொண்டு மிதவையைக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள். ஆசிட் ஊற்றாதீர்கள்.

5. கழுவிய மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். 'கடகட' என்று குண்டு உருளும் சத்தம் கேட்டால் நல்லது. 'களக்களக்' என்று தண்ணீர் சத்தம் கேட்டால் மிதவை போய்விட்டது. புதிது வாங்க வேண்டும். பழைய மிதவைகள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது நஞ்சு. எந்த மிதவையையும் உடைத்துப் பார்க்காதீர்கள்.

6. மிதவையைத் தூக்கினால் சுவிட்ச் ஒரு பக்கம் மாற வேண்டும். தொங்கவிட்டால் மறுபக்கம் மாற வேண்டும். இதை எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்வார்.

7. மிதவையைத் திரும்ப இறக்குங்கள். தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு நேராக இருக்கக் கூடாது. சுவரிலோ அடுத்த மிதவையிலோ இடிக்கக் கூடாது. மூடியை மூடிவிட்டு ஆட்டோவில் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

கம்பிச் சென்சாரையும் இப்படியே மேலே எடுத்துத் துடைக்கலாம்.

இழுத்தும் வரவில்லை என்றால்? கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். தொட்டி காலியான பிறகு கொக்கி போட்டு எடுங்கள். காலித் தொட்டியிலும் ஆள் இறங்கக் கூடாது. ஏன் தெரியுமா?

கண்ணுக்குத் தெரியாத எமன்

கழிவு அழுகும்போது நச்சு வாயுக்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதுதான். இது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று நினைப்பது பெரிய தவறு. அடியில் கிடக்கும் சேற்றை மிதித்தால் வாயு இன்னும் அதிகமாக வெளிவரும்.

விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணையாவிட்டால் இறங்கலாம் என்பார்கள். இதுவும் ஆபத்து. தொட்டியில் மீத்தேன் என்ற எரியும் வாயுவும் இருக்கும். விளக்கு பட்டால் வெடிக்கும். மேலும், விளக்கு எரிகிறது என்பதால் நச்சு வாயு இல்லை என்று ஆகாது.

ஒருவர் உள்ளே மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி இறங்குகிறார். இப்படி ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் மாண்டு போகிறார்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். உடனே 112 எண்ணுக்குப் பேசுங்கள். தீயணைப்புப் படையினரிடம் மூச்சுக் கருவி இருக்கும். அவர்களே இறங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் தராமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவது இந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா?

இயந்திரங்களும் வந்துவிட்டன. 2018-இல் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் ஒரு இயந்திர மனிதனை உருவாக்கினார்கள். அது சாக்கடைக் குழிக்குள் கையை விட்டுக் கசடை அள்ளி வரும். அதை இயக்குபவர் மேலே, வெளிக்காற்றில் நிற்கிறார்.

நாம் செய்ய வேண்டியது

நம் காவலாளி கொக்கியால் மிதவையை மேலே எடுத்தார். ஒயரில் ஒரு கிழிந்த துணி சுற்றியிருந்தது. அதை எடுத்தார். மிதவையைக் கழுவினார். மறுபடி இறக்கினார். மோட்டார் ஓடியது. தண்ணீர் வடிந்தது. அரை மணி நேர வேலை!

அந்தத் துணி எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு வீட்டுக் கழிவறையிலிருந்துதான் வந்தது. துணி, நாப்கின், பிளாஸ்டிக் எதையும் கழிவறையில் போடாதீர்கள். மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையை வெளியே எடுத்துக் கழுவுங்கள். கழுவிய தேதியைப் பெட்டிமேல் எழுதி வையுங்கள்.

மிதவை போனால் புதிது வாங்கலாம். மோட்டார் போனால் புதிது வாங்கலாம். மனிதரை வாங்க முடியாது. 'இறங்கு' என்று யாராவது சொன்னால், நாமும் அந்தக் காவலாளி போலச் சொல்வோம்: "இறங்க மாட்டேன். மேலே நின்றே பார்க்கலாம்."