ஆய்விதழ் மதிப்பீட்டாளரின் கடமைகளும் உரிமைகளும்: மலாக்கா மாநில ஆய்வுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழ்மரபில் நூலொன்று அவையோர்முன் அரங்கேறிய பின்னரே ஏற்புப் பெற்றது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டதெனப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறும். இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டபோது, மெய்யுரை தேர்வதற்குச் சார்பற்ற ‘காரணிகன்’ ஒருவன் வேண்டப்பட்டான் என்றும், ஊமைச் சிறுவனாகிய உருத்திரசன்மன் நக்கீரர் உரைகேட்டுக் கண்ணீர் வார்த்தான் என்றும் அவ்வுரையின் வரலாறு பேசும். இன்றைய ஆய்விதழ் மதிப்பீட்டாளரும் காரணிகரே. எனினும், அவர் கண்ணீரால் அன்றிக் காரணங்காட்டியே முடிவுரைத்தல் வேண்டும்.

மலாக்காச் சூழல்

மலாக்காவில் இருவேறு தமிழ் வரலாறுகள் உள்ளன. ஒன்று, மலாய் பேசி இந்து சமயம் பேணிவரும் காஜா பேராங் செட்டிகளின் வரலாறு. மற்றொன்று, 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில் குடியேறிய தொழிலாளரின் வரலாறு. இவற்றை ஆராய்வோர் மிகச் சிலர். ஆகவே, கட்டுரையாளர் பெயரை நீக்கினும், தலைப்பிலுள்ள தோட்டத்தின் பெயரே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். பெயர்மறைப்பு முறை இங்கு முழுமையாகப் பயன்தருவதில்லை; மதிப்பீட்டாளரின் நேர்மையே அவ்விடத்தை நிரப்புதல் வேண்டும்.

கடமைகள்

முதலாவது, சார்பினை வெளிப்படுத்துதல். கட்டுரையாளர் தம் மாணவர், உறவினர், கூட்டாய்வாளர், போட்டியாளர் எவராயினும், அவர் இன்னார் என ஊகித்த அளவிலேயே பதிப்பாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, மறைபொருள் காத்தல். தோட்டத்து முதியோர் அளித்த வாய்மொழிச் சான்றுகளில் கடன், சாதி, குடும்பப் பூசல் ஆகியன இடம்பெறக்கூடும். வெளிவராத கட்டுரையைப் பிறரிடம் காட்டுவதும், அதன் தரவுகளைத் தம் ஆய்வுக்கு எடுத்தாளுவதும், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் உள்ளிடுவதும் தவிர்க்கத்தக்கன. தகவலாளியின் பெயரை மாற்றியிருப்பினும், ‘கோயில் தலைவர்’, ‘கடைசிக் கங்காணியின் மகன்’ போன்ற குறிப்புகள் அவரை அடையாளம் காட்டுமாயின், அதனைச் சுட்டுவதும் மதிப்பீட்டாளர் கடமையேயாகும்.

மூன்றாவது, காரணம் உரைத்தல். ‘ஆழமில்லை’ எனும் ஒரு சொல் மதிப்பீடாகாது. பள்ளிப் பதிவேடு பார்க்கப்படவில்லையா, ஒருவர் கூற்றே ஊரின் வரலாறாக்கப்பட்டதா எனக் குறையை இடஞ்சுட்டிக் கூறுதல் வேண்டும். தேவையின்றித் தம் நூல்களை மேற்கோளாகச் சேர்க்குமாறு வற்புறுத்துதல் முறையன்று.

உரிமைகள்

கடமை உள்ளவிடத்து உரிமையும் உண்டு. தமது துறைக்குப் புறம்பானதை மறுத்தல், போதிய கால அளவு கோருதல், ஐயத்திற்குரிய தரவுக்கு விளக்கம் கேட்டல், மறைப்பு முறையுள்ள இதழில் தம் பெயர் காக்கப்படுதல் ஆகியன மதிப்பீட்டாளரின் உரிமைகள். அவருடைய கருத்தின் பொருளைப் பதிப்பாசிரியர் மாற்றலாகாது. இறுதி முடிவினை அவருக்குத் தெரிவித்தலும் முறையாகும். மதிப்பீட்டில் இளம் ஆய்வாளரின் துணையை நாட விரும்பின், பதிப்பாசிரியரின் இசைவை முன்னரே பெற்று, அவர் பங்களிப்பையும் பதிவுசெய்தல் வேண்டும். 1997இல் தோன்றிய பதிப்பு நெறிமுறைக் குழு 2013இல் மதிப்பீட்டாளருக்கென நெறிமுறைகளை வெளியிட்டமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பலர் உழைக்கும் துறையில் தவறான மதிப்பீட்டைப் பிறிதோர் ஆய்வு திருத்திவிடும். மலாக்காத் தோட்ட ஆய்வில் அவ்வாய்ப்புக் குறைவு. தக்க கட்டுரையைத் தள்ளினால், அதிற் பதிவான முதியவரின் சான்றை மீண்டும் பெற இயலாது போகலாம். பிழையான கட்டுரையை ஏற்றால், மறுப்பாரின்றி அதுவே வரலாறாக நிலைத்துவிடும். இவ்விரண்டையும் உணர்ந்த மதிப்பீட்டாளரே இத்துறைக்கு வேண்டிய காரணிகர் எனலாம்.